நீரூற்று வந்தது, செயலாளர் போனார்

நாகரிகங்கள் ஆற்றங்கரையில் பிறந்தன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கணக்கு அது. இன்றைக்கு நாகரிகம் பிறப்பது குடியிருப்போர் நலச் சங்கத்தில். அதைப் பெற்று, பேர் வைத்து, வளர்த்து ஆளாக்குகிறவர் அந்தச் சங்கத்தின் செயலாளர். அவருக்குச் சம்பளம் கிடையாது, படி கிடையாது, வீட்டில் மரியாதையும் கிடையாது. ஆனாலும் ஊருக்காக ஓடாய்த் தேய்கிறார். அப்படி ஒரு செயலாளர் ஒரு புறநகரையே தனியொரு ஆளாகத் தூக்கி உயரத்தில் வைத்த வரலாறு இது. உயர்ந்த அந்த ஊரில் அவருக்கு மட்டும் நிற்க இடமில்லாமல் போனதை வரலாற்றின் சிறு கைத்தவறு என்றே கொள்ள வேண்டும்.

செயலாளருக்குப் பிழைப்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில். அங்கே உதவி மேலாளர். மேலாளர் அவரிடம் உதவி கேட்டதில்லை. கேட்காத உதவியை அவரும் செய்ததில்லை. ஆபீசில் அவர் பேச்சை மின்விசிறிகூட மதிக்காது, மூன்றில் வைத்தால் ஒன்றில் சுற்றும். ஆனால் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தம் தெருவில் கால் வைத்தாரோ இல்லையோ, ஆள் மாறிவிடுவார். நெஞ்சு நிமிரும், நடை நிதானமாகும், கண் இரண்டு பக்கமும் குறை தேடும்.

அவர் குடிவந்த புதிதில் அந்த இடத்தைப் புறநகர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். பஸ் திரும்புவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று ஏற்பட்ட ஊர் அது. வாடகை மலிவு, அதனால்தான் வந்தார். தெருமுனையில் ஒரு பள்ளம், அதற்கு எதிரே ஒரு முடிதிருத்தும் கடை. இவைதான் அன்றைய முக்கிய இடங்கள். ஒரு மழைநாளில் அவர் அந்தப் பள்ளத்தில் காலை விட்டார். சாதாரண மனிதனாயிருந்தால் நகராட்சியை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காலை எடுத்துக்கொண்டு போயிருப்பான். இவர் ஓரமாகக் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து பள்ளத்தில் போட்டார். கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

முடிதிருத்துபவர் கத்திரிக்கோலும் கையுமாகக் கடை வாசலுக்கு வந்து கைதட்டினார்.

“பிரமாதம் சார்! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும், இந்த ஊரு எங்கேயோ போயிடும்.”

மற்ற மூன்று பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. இவர் ஒருவரே போதுமானவராக இருந்தார். கைதட்டல் என்பது பொல்லாத சரக்கு. ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் காது அதையே கேட்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சங்கம் உதயமானது. நாலு வீடுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர் தலைவராக ‘ஒருமனதாக’த் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைவர் கூட்டத்துக்கு வருவார், டீ குடிப்பார், “நல்ல யோசனை, செஞ்சிடுங்க” என்பார். செய்வது செயலாளர் வேலை.

செய்தார். பள்ளம் மூடப்பட்டுத் தெரு முழுக்கத் தார் போடப்பட்டது. கழுத்து வளைந்த விளக்குகள் வந்தன. பூங்காவில் பெஞ்சுகள் வந்தன. யாரும் படுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெஞ்சுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தடுப்பும் வந்தது. கடைப் பலகைகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே பழுப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. பகலில் சரக்கு வண்டிகள் தெருவுக்குள் வரக் கூடாது என்றும், விருந்தாளிகள் வண்டி நிறுத்தினால் கட்டணம் என்றும் விதிகள் எழுந்தன. பஸ்ஸின் உறுமல் ‘குடியிருப்பின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாக’ மனு மேல் மனு போட்டு, பஸ் நிறுத்தத்தையே நெடுஞ்சாலைக்கு அப்பால் தள்ளிவைத்தார். அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கார் வாங்கியிருந்தார்கள். பஸ்ஸில் போகிற குடும்பம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அது செயலாளருடையது. கொள்கைக்காக நடப்பதில் ஒரு கம்பீரம் உண்டு என்று மனைவியிடம் சொன்னார். அந்தக் கம்பீரம் மனைவிக்குக் குதிகாலில் வலித்தது.

ஒரு நாள் முடிதிருத்துபவர் கடையைக் காலி செய்தார். கடை வாடகை அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செயலாளர் போய் விடைகொடுத்தார்.

“ஏரியா ரொம்ப சுத்தமாயிடுச்சு சார்,” என்றார் அவர். “கூட்டுற வேகத்துல எங்களையும் சேர்த்துக் கூட்டிட்டாங்க.”

செயலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “நமது பகுதியின் தூய்மையை வெளியேறுகிறவர்களும் மெச்சுகிறார்கள்” என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார். கடை இருந்த இடத்தில் முடி வெட்டுவதற்கு முன் காப்பி கொடுத்து, வெட்டிய பின் ஆளை மயங்க வைக்கும் தொகை கேட்கும் ஒரு நிலையம் வந்தது. செயலாளர் அன்று முதல் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொள்ளத் தொடங்கினார். பின்பக்கம் மகள் பொறுப்பு.

இத்தனைக்கும் சிகரம் வைத்தது நீரூற்று. பூங்காவின் நடுவே வட்டத் தொட்டி, தொட்டியின் நடுவே சிமெண்டில் ஒரு மீன், மீனின் வாயிலிருந்து மேல் நோக்கித் தண்ணீர். உலகத்தில் எந்த மீனும் தண்ணீரை வெளியே துப்பிப் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்துப் புறநகரில் ஒரு சிமெண்டு வாத்து இருந்ததால் இங்கே மீன் தவிர்க்க முடியாததாயிற்று. திறப்பு விழாவில் தலைவர் விசையை அழுத்த, மீன் இருமுறை கனைத்து, மூன்றாம் முறை பீறிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“மீனுக்கு உடம்பு சரியில்லையாப்பா?” என்று செயலாளரின் மகள் காதோடு கேட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். அப்பாவின் சாதனைகளை மதிக்கும் பருவம் இன்னும் வரவில்லை.

மீன் முன்னால் செயலாளர் நிற்கிற படம் பத்திரிகையில் வந்தது. வந்த அன்றே வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவர் இருப்பது வேறு ஊரில், வாடகை வராத மாதம்தான் அவர் குரல் வரும். இந்த மாதம் வாடகை போயிருந்தும் குரல் வந்தது.

“சார், படத்தைப் பார்த்தேன். எனக்கு ஒரே பெருமை! எங்க வீட்டுல குடியிருக்கிறவர்தான்னு எல்லார்கிட்டயும் காட்டினேன்.”

“எல்லாம் உங்க ஆதரவு சார்.”

“ஏரியாவை எங்கேயோ கொண்டு போயிட்டீங்க. நான்கூட அந்த வீட்டை வித்துடலாம்னு இருந்தேன். இப்ப விக்கிறதாவது! எல்லாம் உங்க உழைப்பு.”

“ரொம்ப நன்றி சார்.”

“அதனால வர்ற மாசத்துலேர்ந்து வாடகையைக் கொஞ்சம் ஏரியாவுக்குத் தகுந்த மாதிரி பண்ணிக்கலாம்னு…”

வீட்டுக்காரர் தொகையைச் சொன்னார். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் செயலாளர் போனை வைத்தார். வைத்த பிறகுதான் தொகை காதிலிருந்து இறங்கி வயிற்றுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் இரவு ‘குடிபெயர்வுப் பரிசீலனைக் குழு’ கூடியது. அது செயலாளர் வைத்த பெயர். மனைவி அதற்கு வைத்த பெயர் சாப்பாட்டு நேரம். கூட்டம் நடந்த இடம் ஹால். ஹாலின் குறுக்கே இரண்டு கயிறுகள், கயிறுகளில் ஈரத்துணிகள், அவற்றுக்குக் கீழே மகள் படுக்கும் சோபா. வீட்டுக்குப் பால்கனி உண்டு. ‘பார்வைக்குக் கேடு’ என்று பால்கனியில் துணி காயப்போடுவதைச் சங்கம் தடை செய்திருந்தது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

“இது உணர்ச்சிவசப்பட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல,” என்று ஒரு ஈரத் துண்டை விலக்கிக்கொண்டு ‘தலைவர் இருக்கை’யில் அமர்ந்தார் செயலாளர். “இங்கயே இருக்கிறதா, வாடகை கம்மியான இடத்துக்குப் போறதா? ரெண்டு தரப்பையும் முறைப்படி விவாதிப்போம். முதல்ல இருக்கிறதுக்கு ஆதரவா நான் பேசறேன்.”

“ரெண்டாவதா?” என்றாள் மகள்.

“அதுக்கும் நானே பேசலாம்னு…”

“பேசுங்க,” என்றார் மனைவி, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

செயலாளர் பேசினார். காற்று, விளக்கு, பூங்கா, அமைதி என்று அடுக்கினார். “எல்லாத்துக்கும் மேல நம்ம அட்ரஸ்! அதைச் சொன்னா ஆபீஸ்ல மேலாளரே ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாக்கிறார்.”

“அட்ரஸ்ல லெட்டர் குடியிருக்குதுங்க,” என்றார் மனைவி. “நான் எங்க குடியிருக்கேன்?”

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அந்தப் பிரிவு தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடத்தில் இருந்தது. வாடகை ஏறத் தொடங்கியதிலிருந்து அவர் இரண்டு ஷிஃப்ட் பார்த்துவந்தார். விடிவதற்கு முன் நெடுஞ்சாலை வரை நடந்து பஸ் பிடிப்பார், இருட்டிய பிறகு அதே வழியில் திரும்புவார்.

“ஏன், பால்கனி இருக்கு. எதிர்ல பூங்கா…”

“அந்த பால்கனிக்குத்தான் நான் ரெண்டு ஷிஃப்ட் பாக்கிறேன். அதுல நான் என்னைக்காவது உக்காந்து பாத்திருக்கீங்களா? இந்த வீட்டுக்குள்ள பகல்ல வெயில் எந்தப் பக்கம் விழும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

“சாயந்திரம் சோபா பக்கம் விழும்மா,” என்றாள் மகள். “துணி மறைச்சுக்கும்.”

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சொல்ல மறந்துட்டேன். வாரத்துல மூணு நாள் ராத்திரி ஷிஃப்டுக்கும் பேர் கொடுத்துட்டு வந்திருக்கேன்.”

“ராத்திரிக்குமா? எதுக்கு?”

“மீனுக்குத் தீனி போட வேணாமா?”

குழுவின் கூட்டம் அத்துடன் நிறைவுற்றது. செயலாளர் ஈரத்துணிகளுக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது அவர் ஆண்டறிக்கை எதிலும் இடம்பெறாத பொருள் ஆகையால், அதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால், மறுநாள் காலையில் பழக்கப்படி சங்கத் தலைவரைப் பார்க்கப் போனார்.

தலைவர் தம் நாலு வீடுகளில் மூன்றாவதன் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“அவ்வளவு ஏத்திட்டாரா! அப்ப நான்தான் ஏமாந்துட்டேன். நான் கம்மியா ஏத்தியிருக்கேனே.”

“சார், நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்ட…”

“நான் சொல்றது தர்மம் ஆகுமா? வாடகை ஏறுறதுக்குப் பேருதான் சார் வளர்ச்சி. நீங்களே வளர்ச்சிக்கு எதிரா நின்னா எப்படி?”

“எதிரா இல்ல சார். எனக்கு இருக்கிறதுக்கு இடம்…”

“உங்களை விட்டுடுவோமா?” தலைவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளில் ஈரக் கையை வைத்தார். “எங்க போனாலும் நீங்க நம்ம ‘கௌரவ உறுப்பினர்’. எப்ப வேணா வந்து மீனைப் பாக்கலாம். வண்டியில வந்தா மட்டும் நிறுத்துறதுக்குக் கட்டணம். அதுவும் நீங்க போட்ட ரூல்தான், நான் மீற முடியுமா?”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது உடம்பு குளிர்ச்சியாகும். செயலாளர் வேர்த்து வடிந்து வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த விடுமுறை நாளில் மூவரும் வீடு பார்க்கப் புறப்பட்டார்கள். “சும்மா ஒரு கள ஆய்வுதான்,” என்று செயலாளர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் அவர்கள் அறிந்த நிறுத்தங்களைக் கடந்து, அறியாத நிறுத்தங்களையும் கடந்து, ஓர் இடத்தில் பெரிதாக ஒரு வளைவு எடுத்து நின்றது. “கடைசி ஸ்டாப்!” என்று கத்தினார் நடத்துநர்.

பஸ் வளைந்ததற்குக் காரணம் ஒரு பள்ளம். இறங்கியதும் செயலாளரின் கண் அங்கேதான் போனது. தெருவின் வாயிலை அடைத்துக்கொண்டு கிடந்த அதில் தண்ணீர் தேங்கி நின்றது. அதைச் சுற்றிக் கற்கள் வட்டமாக அடுக்கப்பட்டு, அவற்றுக்கு வெள்ளையும் அடிக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் ஒரு பள்ளத்தை அவர் தம் பொதுவாழ்வில் கண்டதில்லை. அதைத் தாண்டி உள்ளே ஓடுகள் உடைந்த வீடுகள், ஒன்றுக்கொன்று பொருந்தாத கடைப் பலகைகள், எல்லாப் பால்கனிகளிலும் துணிகள். செயலாளரின் விரல்கள் தாமாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடின. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காலியாக இருந்தது ஒரு தையல்காரம்மாவின் வீட்டு மாடி. அந்த அம்மா கீழே வாசலில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மாடியில் இரண்டு படுக்கையறை, சமையலறையில் ஜன்னல், முன்னால் திறந்த மொட்டைமாடி. வாடகையைக் கேட்டதும் செயலாளருக்குக் காதில் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. மகள் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். சாத்துவதற்கு ஒரு கதவு கிடைத்த மகிழ்ச்சி அவளுக்கு.

மனைவி மொட்டைமாடியில் கிடந்த பிரம்பு நாற்காலியில், “கால் வலிக்குது, ரெண்டு நிமிஷம்,” என்று உட்கார்ந்தார். செயலாளர் ஒப்பந்தம் பேசக் கீழே போனார்.

“என்ன வேலை பாக்கிறீங்க?” என்றார் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“காப்பீட்டுக் கம்பெனியில உதவி மேலாளர்.”

“நல்லது. குடிப்பழக்கம் உண்டா?”

“கிடையாது.”

“ராத்திரியில கத்திப் பாடுறது?”

“கிடையவே கிடையாதுங்க.”

“வேற ஏதாவது பழக்கம்?”

செயலாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இந்த இடத்தில் அடக்கமாக ஒன்று சொல்ல அவருக்கு எப்போதும் ஆசை. “ஏதோ நம்மாலான சமூகசேவை. மீன் நீரூற்று இருக்கே, அந்த ஏரியா நலச் சங்கத்துக்கு ஆரம்பத்துலேர்ந்து நான்தான் செயலாளர்.”

மெஷின் நின்றது. தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“வீடு வாடகைக்கு இல்லீங்க.”

“இப்பதானே இருக்குன்னீங்க?”

“குடிகாரனுக்குக் கொடுப்பேன், பாடுறவனுக்கும் கொடுப்பேன். சங்கத்துக்குக் கொடுக்க மாட்டேன்.” அவர் எதிர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அண்ணே! இங்க கொஞ்சம் வாங்க. உங்க பழைய ஏரியாக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். நீங்க சொல்லுவீங்களே, அவரான்னு பாருங்க.”

எதிரே பச்சையும் சிவப்புமாக எழுதிய ஒரு பலகைக்குக் கீழேயிருந்து, கத்திரிக்கோலும் கையுமாக முடிதிருத்துபவர் வந்தார். செயலாளரை முன்னால் பார்த்தார். பிறகு சுற்றிவந்து பின்பக்கமாகத் தலைமுடியைப் பார்த்தார்.

“ஐயோ சார், யாரு சார் இப்படி வெட்டினது?”

“என் பொண்ணு.”

“இவர்தானா?” என்றார் தையல்காரம்மா.

“இவர்தாங்க. தங்கமான மனுஷர், ஒரு பைசா தப்பா தொட மாட்டார்,” என்றார் முடிதிருத்துபவர் உண்மையான அன்போடு. “கையில சங்கம் மட்டும் இல்லாம பாத்துக்கிட்டாப் போதும்.”

சத்தம் கேட்டு நாலு பேர் கூடிவிட்டார்கள். அந்த நாலு பேரையும் செயலாளருக்குத் தெரிந்திருந்தது. பழைய சைக்கிள் கடைக்காரர், கடைப்பலகை பழுப்பாக மறுத்ததால் போனவர். பால்கனியில் துணி காயப்போட்டு மூன்று முறை எச்சரிக்கப்பட்ட சலவைக்கடை அம்மா. பூங்கா பெஞ்சில் மதியம் தூங்கிப் பழகிய காவலாளி. பகலில் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவர முடியாமல் போன சரக்கு வண்டி ஓட்டுநர். எங்கே போனார்கள் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. “நல்லா இருக்கீங்களா சார்?” என்றுதான் கேட்டார்கள். அது அவருக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

“தெரு வாசல்ல அந்தப் பள்ளம்…” என்று ஆரம்பித்தார், பேச்சை மாற்ற வேண்டும் என்று.

அத்தனை பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

“அது எங்க பள்ளம்,” என்றார் தையல்காரம்மா. “நகராட்சியிலேர்ந்து மூட வந்தாங்க. டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டோம். மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் நாங்களே தூர்வாருவோம்.”

“பள்ளத்தையா?”

“ஆமா. போன வருஷம் ஒரு புரோக்கர் காருல வந்தான். முன்சக்கரம் உள்ள இறங்குச்சு. தூக்கிவிட்டோம். அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. தம்பி, நல்லா கேட்டுக்குங்க. பள்ளம் மூடினா காரு வரும். காரு வந்தா புரோக்கர் வருவான். புரோக்கர் வந்தா வாடகை ஏறும். வாடகை ஏறினா நாங்க இறங்கணும். எங்க வாடகையைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்தப் பள்ளம்தான்.”

பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் செயலாளருக்குச் சொன்னதில்லை. அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது மகள் மாடிப்படியிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டாள், சத்தம் போடாதே என்று விரலை உதட்டில் வைத்தபடி.

மேலே மனைவி பிரம்பு நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். மதிய வெயில் முகத்தில் விழுந்தது. பக்கத்து மாடியில் யாரோ காயப்போட்ட போர்வை காற்றில் ஆடி நிழலைக் கொண்டுவந்தது, கொண்டுபோனது. மனைவியின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று செயலாளர் யோசித்தார். காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நரைத்தது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றும் நட்ட தேதி தெரியும். அவர் தம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

கீழே வந்து, “நான் உறுதிமொழி எடுத்துக்கறேன்,” என்றார். “சங்கம் ஆரம்பிக்க மாட்டேன். மனு போட மாட்டேன். எதையும் முன்னேத்த மாட்டேன். மேற்படி பள்ளத்தைப் பொறுத்தவரை…”

“சார், ‘மேற்படி’ வேணாம் சார்,” என்று முடிதிருத்துபவர் கும்பிட்டார். “நீங்க முறைப்படி பேச ஆரம்பிச்சாலே எங்களுக்கு மூட்டை கட்டத் தோணுது. சரின்னு மட்டும் சொல்லுங்க.”

“சரி,” என்றார் செயலாளர். அவருடைய பொதுவாழ்வில் மிகச் சுருக்கமான உரை அதுதான்.

பழைய புறநகர் அவரைச் சும்மா அனுப்பிவிடவில்லை. பிரிவு உபசார விழா நடந்தது. தலைவர் கண்கலங்கினார். உள்ளங்கை அளவில் ஒரு பித்தளை மீன் பரிசளிக்கப்பட்டது. அன்றைக்கு நிஜ மீன் மின்கட்டணச் சிக்கனம் கருதி ஓய்வில் இருந்தது. வீட்டைக் காலி செய்த அன்று சாமான் வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது.

“பகல்ல சரக்கு வண்டி உள்ள வரக் கூடாது சார்,” என்றார் சங்கம் நியமித்திருந்த காவலர்.

“ஏம்பா, என்னைத் தெரியலையா?”

“நல்லாத் தெரியும் சார். பலகையில உங்க பேருதானே கையெழுத்தா இருக்கு?”

பீரோவையும் கட்டிலையும் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் இளைப்பாறச் சோபாவைக் கீழே வைத்து அதில் செயலாளர் உட்கார்ந்தபோது, ‘தெருவில் தளவாடம் வைக்கக் கூடாது’ என்ற இன்னொரு பலகை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் முடியவில்லை.

புது வீட்டில் மனைவி ராத்திரி ஷிஃப்டிலிருந்து பேரை எடுத்துவிட்டார். ஒரு ஷிஃப்ட் போதும் என்றாயிற்று. பஸ் வாசலிலேயே நின்றது. மாலை வெயிலில் மொட்டைமாடியில் துணி காயப்போடுவார், காய்ந்ததை மடிப்பார், மடித்த பிறகும் சும்மா உட்கார்ந்திருப்பார். செயலாளருக்குப் பதவி இல்லை. பழக்கத்தில் எல்லோரும் அவரைச் ‘செயலாளர் சார்’ என்றே கூப்பிட்டார்கள். முடிதிருத்துபவர் மகளின் கைவண்ணத்தைச் சிறுகச் சிறுகச் சரிசெய்து, அவர் பிடரியை மனிதப் பிடரியாக மாற்றினார். ஒரு மனிதன் முன்னேற்றம் இல்லாமல் எவ்வளவு நாள் நிம்மதியாக வாழ முடியும் என்பதற்கு அவர் ஒரு சான்றாகத் திகழ்ந்தார். அந்தச் சான்று மழை வரும் வரை செல்லுபடியானது.

மழை விட்ட ஒரு மாலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஏதோ நினைப்பில் வந்தவர் பள்ளத்தில் காலை விட்டார். முழங்கால் வரை போனது. வெளியே எடுத்து, செருப்பிலிருந்து தண்ணீரைக் கொட்டினார். நல்ல மனிதர், திட்டவில்லை. பள்ளத்தைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கல் கிடந்தது, வெள்ளையடிக்காத, யாருக்கும் சொந்தமில்லாத கல். அது அவரைப் பார்த்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு அதைக் கால்விரலால் லேசாக, மிக லேசாக, தள்ளினார். கல் உருண்டு ‘குளுக்’ என்று உள்ளே போனது. அவருக்குள் எங்கேயோ ஒரு நீரூற்று பீறிட்டது.

அவ்வளவுதான். தையல் மெஷின் நின்றது. சலவைக்கடை அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரருகே வந்தார். “ஏங்க,” என்றார். அந்த முகத்தில் இருந்தது கோபம் அல்ல, பயம்.

எதிரே முடிதிருத்துபவர் பாதி முடி வெட்டிய ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கத்திரிக்கோலும் கையுமாக இறங்கி வந்தார். பள்ளத்தையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கயும் நீங்க ஒரு கல்லுலதான் சார் ஆரம்பிச்சீங்க,” என்றார் மெதுவாக. “அன்னைக்குக் கைதட்டினது நான்தான், அந்தப் பாவத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதை வெளிய எடுத்துடுங்க சார். இதுக்கு மேல போறதுக்கு பஸ் இல்ல.”